பட்டவரும் படுத்தியவரும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்திலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்குச் செல்லும் இருப்புப் பாதையின்மேல் புக்கிட் தெங்கா என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூரைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனைப் பணித்தால் அவன் என்ன எழுதுவான்? பெரும்பாலும் இவ்வாறே எழுதுவான்: ‘முற்காலத்தில் இங்கிருந்த காடு அழிக்கப்பட்டது. தோட்டங்கள் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். இருப்புப் பாதை போடப்பட்டது. பின்னர்த் தோட்டங்கள் விற்கப்பட்டன. தொழிற்பேட்டை உருவாக்கப்பட்டது.’

இதில் இலக்கணப் பிழை இல்லை. சந்திப் பிழையும் இல்லை. ஆசிரியர் நல்ல மதிப்பெண் வழங்குவார். ஆயினும், இந்த ஆறு வாக்கியங்களிலும் ஒரு மனிதன்கூட எதையும் செய்யவில்லை என்பதை அவர் கவனித்தாரா? காடு தானே சாய்ந்ததுபோலவும், தண்டவாளம் தானே வந்து கிடந்ததுபோலவும், தொழிலாளர் சரக்கு மூட்டைகள்போல் கரையில் வந்து இறங்கியதுபோலவும் அக்கட்டுரை பேசுகின்றது. வெட்டியவர் யார், வெட்டச் சொன்னவர் யார், விற்றவர் யார், விற்ற பணத்தை எண்ணியவர் யார் என்னும் வினாக்கள் அங்கு எழவே இல்லை. மாணவன் எதையும் மறைக்க எண்ணவில்லை. அவன் பழகிய மொழி மறைக்கின்றது. அந்த மொழியை அவனுக்குப் பழக்கியது நூறாண்டுக்கு மேலாகத் தமிழர் கையில் தவழும் செய்தித்தாளே. அதன் கருவி ‘படு’ என்னும் சிறிய வினைச்சொல்.

‘படு’ தமிழின் மிகப் பழைய வினைகளுள் ஒன்று. ஞாயிறு படும், வலையில் மீன் படும், உடலில் அடி படும், கண்ணில் காட்சி படும். போர்க்களத்தில் வீழ்ந்தவனைப் ‘பட்டான்’ என்பர். படுகளம் என்னும் சொல் இன்றும் வழக்கில் இருக்கின்றது. செய்தி அறிவிக்கும் தொழிலுக்கும் இவ்வினைக்கும் உள்ள உறவு அச்சு எந்திரத்தோடு தொடங்கியதன்று. அது கல்லில் தொடங்கியது.

தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறை 1972ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. அக்கற்களின் வாசகம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும். எந்த அரசனுடைய எத்தனையாம் ஆட்சியாண்டு, எந்த ஊர், ஆநிரையைக் கவர வந்தவர் எவர், மீட்கச் சென்றவன் எவன் என்பவற்றைச் சொல்லி, இறுதியில் ‘பட்டான்’ என்று முடியும். எடத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் பொருது பட்ட செய்தியை அது சொல்லுகின்றது. அவனுடன் இருந்த நாய், திருட வந்தோரைக் கடித்துக் காவல் நின்றதையும் சொல்லி, அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லில் பொறித்து வைத்திருக்கின்றது.

ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டிய கல் அது. இன்றைய செய்தியாளன் கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்துக்கும் அதில் விடை உண்டு. காலம் உண்டு, களம் உண்டு, பெயர் உண்டு, காரணம் உண்டு. அங்கே ‘படு’ துணைவினை அன்று, முழுவினை. அதற்கு எழுவாயாக ஒருவன் தன் பெயரோடு நிற்கின்றான். அவன் எதைச் செய்து பட்டான் என்பதும் அருகில் நிற்கின்றது. நாய்க்கும் பெயர் எழுதிய அந்த மரபிலிருந்து வந்தவர்கள், பிற்காலத்தில் ‘கூலிகள் சிலர் கொல்லப்பட்டனர்’ என்று எழுதும் நிலைக்கு எப்படி வந்தனர்?

இதற்கு விடை காண, செய்தித்தாள்கள் பிறந்த காலத்தைப் பார்த்தல் வேண்டும். சென்னையில் ‘சுதேசமித்திரன்’ 1882ஆம் ஆண்டில் தோன்றியது. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேச’னை 1887ஆம் ஆண்டில் தொடங்கினார். கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 1924 முதல் 2019 வரை வாழ்ந்தது. 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ பிறந்தது. அதை வளர்த்தவர் கோ. சாரங்கபாணி. இத்தாள்களின் ஆசிரியர் கூடங்களுக்கு உலகச் செய்தி ஆங்கிலத் தந்தியாக வந்தது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குச் செல்லும் கடலடிக் கம்பி 1870களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. துணையாசிரியர் நள்ளிரவில் விளக்கடியில் அமர்ந்து, தந்தியின் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினார். ஆங்கிலச் செய்தி நடையில் செயப்பாட்டு வினை மிகுதி. அதைத் தமிழில் இறக்க, ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு ‘படு’வைச் சேர்ப்பது எளிய வழியாயிற்று. ‘நம்பப்படுகிறது’, ‘கூறப்படுகிறது’, ‘எதிர்பார்க்கப்படுகிறது’, ‘கைது செய்யப்பட்டார்’ என்னும் தொடர்கள் அச்சுக்கோப்பவரின் பெட்டியில் என்றும் ஆயத்தமாக இருக்கும் எழுத்துகளைப்போல் ஆயின.

அவசரம் மட்டும் காரணம் அன்று, அச்சமும் காரணம். ‘சுதேசமித்திர’னைத் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயரையே 1908ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இராசத் துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தது. ஒரு வாக்கியத்தின் எழுவாய் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய காலம் அது. எழுவாயை நீக்கிவிட்டால் தாள் பிழைக்கும். தாள் பிழைத்தால் பாதிச் செய்தியாவது மக்களைச் சேரும். அவ்வாறு எழுதிய முன்னோரை இன்று நாற்காலியில் சாய்ந்திருந்து பழிப்பது அறமாகாது. ‘படு’ அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. ஆனால், போர் முடிந்த பின்னும் கேடயத்தைக் கழற்றாதவன் கையால் வேறு எந்த வேலையும் செய்ய இயலாது. வழிவழி வந்த எழுத்தாளர் அக்கேடயத்தையே கை என்று எண்ணிவிட்டனர். இங்குத்தான் குற்றம் தொடங்குகின்றது.

இதன் விளைவை அறிய, மலேசியத் தமிழரின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்த்தால் போதும்.

முதலாவது, 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலை நிறுத்தம். சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி வேண்டும், கள்ளுக் கடைகளை மூட வேண்டும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர். அவர்களுக்கு முன்நின்றவர் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேச’னில் துணையாசிரியராக இருந்தவர். மே மாதத்தில் அரசு அவரைக் கைது செய்து, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தியது. போராட்டம் பரவியது, அரசு படையை அனுப்பியது, படையினர் சுட்டனர், தொழிலாளர் ஐவர் மாண்டனர். இந்த வரலாற்றை இன்றும் பலர் எப்படி எழுதுகின்றனர்? ‘நாதன் நாடு கடத்தப்பட்டார். ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்று எழுதுகின்றனர். சர் செண்டன் தாமஸ் உயர் ஆணையராக இருந்த அரசு அவ்விரு வாக்கியங்களிலிருந்தும் ஓசையின்றி வெளியேறிவிடுகின்றது. செய்தித் தாளில் பணியாற்றிய ஒருவரின் கதையே செய்தித் தாளின் நடையில் சிக்கிப் பாதியாகிவிட்டது.

இரண்டாவது, எஸ். ஏ. கணபதியின் முடிவு. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த அவரை, ஆயுதம் வைத்திருந்தார் என்னும் குற்றத்திற்காக ஆங்கில ஆட்சி 1949ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிட்டது. அவருடைய கொள்கையை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. அந்த வழக்கை இங்கு மீண்டும் ஆராய வேண்டியதில்லை. ‘கணபதி தூக்கிலிடப்பட்டார்’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொண்டால் போதும். இதைப் படிக்கும் மாணவன், கணபதி என்ன செய்தார் என்று கேட்பான். தூக்கிலிட்டவர் என்ன செய்தார் என்று கேட்கமாட்டான். ஏனெனில் அவ்வாக்கியத்தில் அப்படி ஒருவர் இல்லை. குற்றம் விசாரிக்க வேண்டிய இடத்தில் இறந்தவர் மட்டும் தனியே நிற்கின்றார்.

‘இது வெறும் நடை பற்றிய செய்தி, இதனைப் பெரிதாக்குவானேன்?’ என்று சிலர் கேட்கலாம். வெறும் நடைதான் என்றால் அது எல்லாரிடத்தும் ஒன்றுபோல் நடக்க வேண்டுமே! அவ்வாறு நடப்பதில்லை. அதே தாளின் அடுத்த பத்தியில் கோயில் திருவிழாச் செய்தியோ சங்கத்து ஆண்டு விழாச் செய்தியோ இருக்கும். அங்கே தலைமை தாங்கியவர் பெயர், குத்துவிளக்கு ஏற்றியவர் பெயர், பொன்னாடை போர்த்தியவர் பெயர், நன்றி நவின்றவர் பெயர் என ஒன்று விடாமல் அச்சேறும். வினையும் மாறிவிடும்: விழா ‘நடத்தப்பெற்றது’, தலைவர் ‘வரவேற்கப்பெற்றார்’. நன்மைக்குப் ‘பெறு’, தீமைக்குப் ‘படு’ என்று தமிழ் நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கின்றது. மாலை போட்டவரின் பெயரை மறவாமல் எழுதும் பேனா, அடித்தவரின் பெயர் வரும்போது மட்டும் மை வற்றிப்போவது இயற்கையா? விருது கொடுத்த கை தெரிகின்றது. வீட்டைவிட்டு வெளியேற்றிய கை தெரிவதில்லை. இதற்கு நடை என்று பெயர் வைத்துத் தப்ப முடியாது.

இன்னொரு சாரார் வேறு வழி சொல்லுகின்றனர். செயப்பாட்டு வினை ஆங்கிலத்திலிருந்து வந்த அயல் சரக்கு. அதனைத் தமிழிலிருந்து அடியோடு நீக்கினால் தீமை தீரும் என்பது அவர்கள் கருத்து. இதுவும் பொருந்தாது. செயப்படுபொருளையே செய்ததாகக் கூறும் வழக்கைத் தொல்காப்பியச் சொல்லதிகாரமே ஏற்கின்றது. திண்ணையை மெழுகியவளை விட்டுவிட்டுத் திண்ணையே மெழுகியதாகப் பேசுவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். ‘வெட்டுண்டான்’, ‘அடியுண்டான்’ என்பனவும் பழந்தமிழே. ஆகவே அயல் சரக்கு என்னும் வாதம் நில்லாது. தந்தி நடையால் இவ்வினை பெருகியது உண்மை. பிறந்தது தமிழ் மண்ணில்தான்.

அதைவிடப் பெரிய குறை அவர்கள் தரும் மருந்தில் இருக்கின்றது. ‘சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்பதை நீக்கிவிட்டு, ‘துப்பாக்கிச் சூடு நடந்தது, ஐவர் இறந்தனர்’ என்று எழுதினால் தூய தமிழ் வாக்கியம் வந்துவிடும், ‘படு’வும் போய்விடும். ஆனால் உண்மை வந்ததா? சூடு எங்காவது தானே நடக்குமா? அதற்குக் கால் உண்டா? ‘கொல்லப்பட்டனர்’ என்னும் சொல்லிலாவது கொலை இருந்தது. கொன்றவனுக்கு ஒரு காலி நாற்காலியும் இருந்தது. ‘எவரால்?’ என்று கேட்டு அதனை நிரப்ப இலக்கணம் இடம் வைத்திருந்தது. ‘நடந்தது’, ‘நேர்ந்தது’, ‘ஏற்பட்டது’ என்னும் வினைகள் அந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. தோட்டத்து வரலாற்றில் ‘துண்டாடல் ஏற்பட்டது’, ‘வேலை இழப்பு நேர்ந்தது’ என்று எழுதுவோர் இந்த நுட்பத்தை அறிந்தோ அறியாமலோ கையாளுகின்றனர். 1950களில் நிலத்தை வாங்கித் துண்டு துண்டாக விற்றவர்கள் இருந்தனர். ஆதாயம் கண்டவர்கள் இருந்தனர். மழை பெய்வதுபோல் அது பெய்துவிடவில்லை.

செய்தவர் யாரென்று உண்மையாகவே தெரியாத இடங்கள் உண்டு. இரவில் கடையை உடைத்தவன் யாரென்று காவல் துறையே அறியாதபோது, ‘கடை உடைக்கப்பட்டது’ என்று எழுதுவதே நேர்மை. வழக்கு நடக்கும்போது தீர்ப்புக்கு முன்னரே ஒருவனைக் குற்றவாளி ஆக்காமல் எழுதுவதும் கடமை. அங்கெல்லாம் ‘படு’ உண்மைக்கே துணை செய்கின்றது. எனவே கேள்வி, ‘படு’ வேண்டுமா வேண்டாவா என்பதன்று. எழுதுபவனுக்குச் செய்தவர் யாரென்று தெரியாதா, அல்லது தெரிந்தும் சொல்லாது விட்டானா என்பதே கேள்வி. முன்னதில் அறியாமை இருக்கின்றது. அதற்குப் பழி இல்லை. பின்னதில் உடந்தை இருக்கின்றது.

இந்த வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டியவர் தமிழாசிரியர். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக என்று தேர்வுத் தாளில் ஆண்டுதோறும் கேட்கின்றனர். ‘கண்ணன் பாடம் படித்தான்’ என்பது ‘பாடம் கண்ணனால் படிக்கப்பட்டது’ என்று மாறுகின்றது. கண்ணனுக்கும் தீங்கில்லை, பாடத்திற்கும் தீங்கில்லை. மாணவன் இதனைக் கணக்குப்போல் செய்துவிட்டுப் போகின்றான். எதிர்த் திசையில் அவனை நடக்கவைத்தால் என்ன? அன்றைய செய்தித்தாளை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, ‘படு’ வரும் இடங்களில் எல்லாம் கோடிடச் சொல்லலாம். ஒவ்வொன்றின் அருகிலும் ‘எவரால்?’ என்று எழுதச் சொல்லலாம். விடை தெரிந்தால் செய்வினையாக மாற்றச் சொல்லலாம். தெரியாவிட்டால் எங்கே போய் அறியலாம் என்று கேட்கலாம். இலக்கணப் பாடமும் வரலாற்றுப் பாடமும் குடிமைப் பாடமும் ஒரே மணி நேரத்தில் நிறைவேறும்.

புக்கிட் தெங்காவைப் பற்றிய கட்டுரையையும் அவ்வாறே திருத்தலாம். இன்றைய செபராங் பிறையின் முதற்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து பெற்றது. அந்நிலத்தில் சீனர் முதலில் கரும்பு பயிரிட்டனர். அவர்களுக்குப் பின் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் திறந்தனர். ஆள் சேர்ப்போர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏழைகளைத் திரட்டி, ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வாங்கிக் கப்பலேற்றினர். வந்தவர்கள் வெட்டினர், கொத்தினர், நட்டனர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடியவர்களும் இருந்தனர். அவர்களைத் தண்டிக்க அரசு சட்டம் வைத்திருந்தது. அவ்வொப்பந்த முறையை அரசு ஒழித்த ஆண்டு 1910. கரும்பு போய் இரப்பர் வந்தது. கங்காணிமார் தம் ஊராரை அழைத்து வந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு அந்த ஆள் அனுப்பும் முறைக்குத் தடை விதித்தது. இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு முகம் இருக்கின்றது. நன்மை செய்தவர் எவர், தீமை செய்தவர் எவர் என்பதைப் படிப்பவனே எடைபோடலாம்.

திருத்திய கட்டுரையில் மற்றொன்றும் விளங்கும். ‘கொண்டுவரப்பட்டனர்’ என்று எழுதியபோது தொழிலாளர் வெறும் சரக்காக இருந்தனர். அவர்களைக் கொண்டுவந்தவரை எழுவாய் ஆக்கியவுடன், அடுத்த வாக்கியத்தில் தொழிலாளரும் எழுவாய் ஆகின்றனர். ஏய்த்தவன் பெயரை மறைத்தால் ஏமாந்தவன் ஏன் ஓடினான் என்பதும், ஏன் வேலை நிறுத்தம் செய்தான் என்பதும் மறைந்துபோகும். படுத்தியவரை நீக்கும் நடை, பட்டவரின் செயலையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றது. இன்றைய மாணவன் தன் முன்னோரை எண்ணும்போது, எவரோ இழுத்து வந்து எங்கோ இறக்கிய கூட்டமாக மட்டும் எண்ணினால், தன்னையும் அவ்வாறே எண்ணுவான். அந்தத் தீங்கு மதிப்பெண்ணில் தெரியாது.

‘படு’வை வைத்தே தமிழ் இன்னொரு சொல்லையும் ஆக்கியிருக்கின்றது, அது ‘பாடுபடு’ என்பது. அச்சொல்லில் எவரும் மறையவில்லை. பாடுபட்டவர் யாரோ அவரே எழுவாய். பாடும் அவருடையதே, பயனில் உரிமையும் அவருடையதே. புக்கிட் தெங்கா வழியே செல்லும் தொடர்வண்டியில் பள்ளிக்குப் போகும் மாணவன் சாளரத்துக்கு வெளியே தொழிற்சாலைகளைப் பார்க்கின்றான். அவன் செல்லும் பாதை ‘போடப்பட்டது’ என்று அவனுக்கு இனிச் சொல்லாதிருப்போம். அதைப் போட முதல் கொடுத்தவர் எவர், திட்டம் வரைந்தவர் எவர், வெயிலில் நின்று கட்டையும் தண்டவாளமும் சுமந்து பாடுபட்டவர் எவர் என்று அவன் கேட்கட்டும். விடையைத் தேடித் தரும் பொறுப்பு ஆசிரியருடையது.